ஹாம் ரேடியோ கேள்வி-பதில்: பேக்கப் பேட்டரிக்கு எந்த சார்ஜர்?

இந்த முறை பேட்டரியும் சார்ஜரும் மட்டும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 100 வாட் எச்எஃப் ரிக் (ஷார்ட் வேவில் பேசவும் கேட்கவும் உதவும் செட்) ஒன்றும் 50 வாட் விஎச்எஃப் செட் ஒன்றும் வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் ஸ்டேஷன் ஓட வேண்டும் என்று 75 ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) வாங்கிவிட்டேன். சார்ஜரில்தான் குழப்பம். 5 ஆம்பியர், 10 ஆம்பியர், 20 ஆம்பியர் என்று இருக்கிறது. பெரிதாக வாங்கினால் சீக்கிரம் ஏறும்தானே சார்?

பதில்: ஏறும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பேட்டரி வருஷம் முழுக்க என்ன செய்யப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். எப்போதாவது கரண்ட் போகும்போது சில மணி நேரம் உழைக்கும், மற்ற நாளெல்லாம் முழு சார்ஜோடு சார்ஜரில் மாட்டியபடி சும்மா கிடக்கும். அப்படிச் சும்மா கிடக்கும் மாதங்களில் சார்ஜர் அதை எந்த வோல்டேஜில் பிடித்து வைத்திருக்கிறது என்பதில்தான் பேட்டரியின் ஆயுசு இருக்கிறது. அதனால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆம்பியரைக் கடைசியில் பாருங்கள். முதலில் அந்தப் பிடித்து வைக்கும் வோல்டேஜ், அதாவது ஃப்ளோட் வோல்டேஜ், அடுத்தது அது ரேடியோவில் கிளப்பும் இரைச்சல், அதற்கும் பிறகுதான் ஆம்பியர்.

லெட் ஆசிட் வகையில், ஏஜிஎம்மும் அதில் ஒன்றுதான், நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் தன்னால் முடிந்த கரண்ட் முழுவதையும் தள்ளும், இது பல்க். வோல்டேஜ் 14.4 முதல் 14.7 வரை ஏறியதும் அதற்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும், பேட்டரி இழுக்கும் கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும், இது அப்சார்ப்ஷன். கரண்ட் நன்றாகக் குறைந்தபிறகு வோல்டேஜை 13.5 முதல் 13.8க்குள் இறக்கி வைத்துக்கொண்டு அப்படியே காவல் இருக்கும், அதுதான் ஃப்ளோட். ஜெல் வகைக்கு அப்சார்ப்ஷன் இன்னும் கொஞ்சம் குறைவாக, 14.1 - 14.4 அளவில் இருக்க வேண்டும். உங்கள் பேட்டரியின் மேலேயே பெரும்பாலும் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும், 'சைக்கிள் யூஸ்' என்று ஒன்று, 'ஸ்டாண்ட்பை யூஸ்' என்று ஒன்று. சார்ஜரின் ஃப்ளோட் அந்த ஸ்டாண்ட்பை எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? 14.4லேயே மாதக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரியும், அழுத்தம் கூடி வால்வு திறந்து வெளியேறும், ஏஜிஎம்மைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வழியில்லை, காய்ந்து போகும். மறுபக்கம் 13.1, 13.2 என்று தாழ்வாகவே நின்றால் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். இரண்டுமே வெளியில் தெரியாது. பேட்டரி பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், கரண்ட் போன அன்றைக்குத்தான் பத்து நிமிஷத்தில் ரிக் அணையும்.

வெப்பமும் இதில் சேரும். மேலே சொன்ன வோல்டேஜ்கள் எல்லாம் 25 டிகிரிக்கு. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைக்க வேண்டும், அதாவது 35 டிகிரி அறையில் 13.6க்குப் பதில் 13.4. அறை கோடையில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி இருக்குமானால் டெம்பரேச்சர் சென்சார் உள்ள சார்ஜருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம், வீண்போகாது. சென்சார் ஒயர் பேட்டரியின் உடம்பில் ஒட்டுவதாக இருக்க வேண்டும், சார்ஜருக்குள்ளேயே இருக்கும் சென்சார் சார்ஜரின் சூட்டைத்தான் அளக்கும்.

இப்போது ஆம்பியர். 100 வாட் ரிக் ரிசீவில் சுமார் 1 ஆம்பியர் எடுக்கும், டிரான்ஸ்மிட்டில் உச்சத்தில் 20 - 22 எடுக்கும், எஸ்எஸ்பியில் (எச்எஃப்பில் குரலுக்கான முறை) பேசும்போது சராசரியாக 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தில் கால்வாசி பேசுகிறீர்கள், முக்கால்வாசி கேட்கிறீர்கள் என்றால் மொத்த சராசரி 2.75 ஆம்பியர் வரும். பத்து மணி நேரத்துக்கு 27 - 28 ஆம்பியர்-ஹவர். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்ற கணக்கில் உங்கள் 75 சரியான அளவு. விஎச்எஃப் செட்டையும் கூடவே வைத்திருந்தால் ரிசீவில் இன்னொரு அரை ஆம்பியர், அதுவும் இந்தப் பாதிக்குள் அடங்கிவிடும். ஆனால் எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் செய்திகள் அனுப்பும் டிஜிட்டல் முறை) ஆட்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அதில் 15 விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி, அனுப்பும் முறையில் 12.64 விநாடி முழுக் கேரியர் போகிறது. முழு பவரில் விட்டால் சராசரி 10 ஆம்பியரை நெருங்கிவிடும், பத்து மணி நேரமெல்லாம் கனவு. பவரை 20 - 25 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

இழந்த 28 ஆம்பியர்-ஹவரைத் திருப்பி ஏற்ற 7 முதல் 10 ஆம்பியர் சார்ஜர் தாராளம். பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் செல்லும். 20 ஆம்பியர் சார்ஜர் வாங்கினால் முதல் கட்டம் மட்டும்தான் வேகமாக முடியும், கடைசி இருபது சதவீதம் ஏறுவதற்கு எந்தச் சார்ஜராக இருந்தாலும் சில மணி நேரம் எடுக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் எவ்வளவு கரண்டை ஏற்றுக்கொள்வது என்று தீர்மானிப்பது பேட்டரிதான், சார்ஜர் இல்லை. அதுவும் போக 20 ஆம்பியர் என்பது 75க்குக் கால்வாசிக்கும் மேல். பல ஏஜிஎம் பேட்டரிகள் தாங்கும், சில தாங்காது, மேலே எழுதியிருக்கும் உச்ச சார்ஜிங் கரண்டைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

வாங்கிய பிறகு ஒரு வேலை. மாட்டி ஒரு முழு நாள் விட்டுவிட்டு, மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலிலேயே வைத்துப் பாருங்கள், சார்ஜர் முனையில் அல்ல. 13.5 - 13.8 காட்டினால் நிம்மதி. சில சார்ஜர்கள் நிறைந்ததும் முழுதாக விலகிக்கொண்டு, வோல்டேஜ் 12.7 பக்கம் இறங்கியதும் மறுபடி தொடங்கும், அதுவும் பரவாயில்லை. ஒரு நாள் கழித்தும் 14.4 நின்றால், பச்சை விளக்கு எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது சார்ஜர் மாட்டியதிலிருந்து 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரே இரைச்சல். டயலைச் சுற்றினால் குறிப்பிட்ட இடங்களில் மேடு மாதிரி ஏறி இறங்குகிறது. சார்ஜர்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: அந்த மேடுகள் எத்தனை கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன என்று குறித்துப் பாருங்கள். 60, 70, 100 என்று ஏறக்குறைய சம இடைவெளியில் வந்து, நிலையாக நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தால் அது எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) வேலைதான். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த வேகத்தில் ஆன் ஆஃப் ஆகிறது, அதன் ஹார்மோனிக்ஸ் எச்எஃப் முழுக்கப் பரவுகிறது. ஆனால் உங்கள் சார்ஜருடையதா, டிவியுடையதா, எல்இடி பல்பு டிரைவருடையதா என்பதுதான் கேள்வி, எல்லாமே ஒரே குலம்.

ரிக்கை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்குங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரைச்சல் வேறு பக்கத்திலிருந்து வரும். ஒவ்வொரு பேண்டிலும் எஸ்-மீட்டர் (சிக்னலின் வலிமையைக் காட்டும் மீட்டர்) எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள், இதுதான் உங்கள் ஸ்டேஷனின் அடிமட்டம். பிறகு மெயினை ஏற்றி மறுபடி பாருங்கள், அப்போது சார்ஜரின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கியே இருக்கட்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கடைசியாகச் சார்ஜரை மாட்டுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம்தான் சார்ஜருடைய பங்கு. பேட்டரி கொஞ்சம் காலியாக இருக்கும்போது ஒரு முறை, நிறைந்து ஃப்ளோட்டுக்குப் போனபிறகு ஒரு முறை பாருங்கள். பல்க்கில் அமைதியாக இருந்துவிட்டு ஃப்ளோட்டில் கத்தும் சார்ஜர்கள் உண்டு, லோடு குறைந்ததும் உள்ளே சர்க்யூட் விட்டு விட்டு ஓட ஆரம்பிப்பதால் அப்படி. ஃப்ளோட்டில்தானே வருஷம் முழுக்க இருக்கப்போகிறது, அதனால் அந்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க ஒரு சின்ன ஏஎம் ரேடியோ போதும். மீடியம் வேவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரிடம் கொண்டுபோங்கள். ஒட்டி வைத்தால் எல்லாமே கத்தும், அதைக் குற்றமாகச் சொல்லக்கூடாது. இரண்டு மீட்டர் தள்ளிய பிறகும் கத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். சல்ஃபேட் நீக்கும் பல்ஸ் வசதி உண்டு என்று விளம்பரம் செய்யும் சார்ஜர்களிடம் எனக்குப் பிரியம் கிடையாது. பல்ஸ் என்றாலே ரேடியோவுக்கு அது டிக் டிக் டிக், அதை அணைக்க வழியில்லாத மாடலானால் ஷாக்குக்குள் (நம் ரேடியோ அறைக்குள்) விட வேண்டாம்.

சரி, ஏற்கெனவே வாங்கியாயிற்று, என்ன செய்வது? ஃபெரைட், அதாவது ஒயர் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம். ஆனால் ஒயர் மேல் 'க்ளிக்' என்று மாட்டும் சின்ன வளையம் ஒன்று 40 மீட்டரில் பெரிதாக எதையும் செய்யாது. ஒரே வளையத்துக்குள் ஒயரை எத்தனை முறை சுற்றுகிறோமோ, தடை ஏறக்குறைய அதன் வர்க்கத்தில் ஏறும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பதைப்போல மூன்று சுற்றில் ஒன்பது மடங்கு. ஆகவே 31 என்ற கலவையில் செய்த பெரிய டொராய்டு வளையம் ஒன்று வாங்கி, ஏழெட்டு சுற்றுச் சுற்றுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் ஜோடியாகச் சேர்த்தே சுற்ற வேண்டும். அப்போதுதான் போகிற கரண்டும் வருகிற கரண்டும் வளையத்துக்குள் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும், பத்து ஆம்பியர் ஓடினாலும் ஃபெரைட் நிரம்பிச் செயலிழக்காது. பிளஸ்ஸில் மட்டும் சுற்றிவிட்டு பலன் இல்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். டிசி பக்கம் ஒன்று, ஏசி கேபிளில் ஒன்று, இரண்டுமே சார்ஜர் உடம்புக்கு மிக அருகில். ஏசி கேபிளை வெட்டவோ எர்த்தைத் துண்டிக்கவோ வேண்டாம், முழு கேபிளையும் அப்படியே வளையத்துக்குள் சுற்றுங்கள், பிளக் நுழையாத அளவு என்றால் இன்னும் பெரிய வளையம்.

இதே வளையங்கள் எதிர்த்திசையிலும் உதவும். நீங்கள் டிரான்ஸ்மிட் செய்யும்போது ஆர்எஃப் (ரேடியோ அலை) சார்ஜருக்குள் புகுந்து, அதன் மூளையைக் குழப்பி, விளக்குகள் தாறுமாறாக எரிவதுண்டு.

இதெல்லாம் செய்தும் எஸ்-மீட்டரில் ஒரு யூனிட் இரைச்சல் மிச்சம் இருந்தால், பலவீனமான ஸ்டேஷனைத் தேடும்போது சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். பேட்டரி அதற்காகத்தானே இருக்கிறது.

கேள்வி: என்னிடம் 13.8 வோல்ட் 30 ஆம்பியர் லீனியர் பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ் அல்லாத பழைய வகை) இருக்கிறது. ஃப்ளோட் வோல்டேஜும் அதேதான். பேட்டரியை நேரடியாக அதன் அவுட்புட்டில் மாட்டிவிட்டால் தனியாக சார்ஜரே வேண்டாமே?

பதில்: யோசனை நல்லது, பல ஸ்டேஷன்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன, இரைச்சலும் கிடையாது. நேரடியாக மட்டும் மாட்டாதீர்கள். கரண்ட் போனதும் பேட்டரி பின்பக்கமாகச் சப்ளைக்குள் பாயும், மீட்டர், விளக்கு என்று சின்னச் சின்னதாக வடிந்துகொண்டே இருக்கும். அது போகட்டும். நிறைய லீனியர் சப்ளைகளில் க்ரோபார் என்று ஒரு பாதுகாப்பு சர்க்யூட் உண்டு, வோல்டேஜ் எகிறினால் எஸ்சிஆர் என்ற மின்னணு சுவிட்ச் அவுட்புட்டை அப்படியே ஷார்ட் செய்யும். சப்ளை மட்டும் இருந்தால் ஃபியூஸ் போய் முடிந்துவிடும். பேட்டரியும் சேர்ந்திருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த எஸ்சிஆர் வழியாகப் போகும், புகை வரும்வரை போகும்.

சப்ளைக்கும் பேட்டரிக்கும் நடுவில், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் தடித்த ஷாட்கி டயோடு ஒன்று வையுங்கள், ஹீட் சிங்க்கோடு, ஏனென்றால் 20 ஆம்பியரில் அரை வோல்ட் இழந்தால் 10 வாட் சூடு. அந்த இழப்பை ஈடுகட்ட சப்ளையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். மீட்டரை பேட்டரி டெர்மினலில் வைத்து, பேட்டரி நிறைந்திருக்கும்போது அங்கே 13.6 வரும்படி சப்ளைக்குள் இருக்கும் ப்ரீசெட் திருகைத் திருப்புங்கள். மாஸ்ஃபெட் வைத்த ஐடியல் டயோடு போர்டுகளும் கிடைக்கின்றன, இழப்பு மிகக் குறைவு. எப்படியானாலும் டயோடுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஃபியூஸ் கட்டாயம்.

இதில் ஒரு குறை. நன்றாகக் காலியான பேட்டரியை மாட்டினால் சப்ளையால் முடிந்த அத்தனையையும் இழுக்கும், கரண்டைக் கட்டுப்படுத்த வழியில்லை. ஆழமாக இறங்கினால் தனி சார்ஜரில் ஏற்றிவிட்டு, பிறகு இங்கே கொண்டுவாருங்கள். 13.6லேயே முழுதாக ஏற்ற ஒரு நாளுக்கு மேலும் ஆகும், பொறுமை இருந்தால் அதுவும் ஒன்றும் தப்பில்லை.

கேள்வி: ஸ்மார்ட் சார்ஜர் மாட்டியிருக்கிறேன், ரிக்கும் அதே பேட்டரியில் ஓடுகிறது. எத்தனை மணி நேரம் ஆனாலும் பச்சை விளக்கு வருவதே இல்லை. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: பேட்டரி மேல் பழி போட வேண்டாம். கரண்ட் ஒரு அளவுக்குக் கீழே, உங்கள் அளவு பேட்டரியில் ஓர் ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில், இறங்கினால்தான் சார்ஜர் 'நிறைந்துவிட்டது' என்று முடிவுசெய்து ஃப்ளோட்டுக்குப் போகும். ரிக் ரிசீவில் இருக்கும்போதே 1 ஆம்பியர் எடுக்கிறது. அது பேட்டரிக்குப் போகிறதா ரிக்குக்குப் போகிறதா என்று சார்ஜருக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து 14.4லேயே நிற்கிறது. ரிக்குக்கு ஒன்றும் ஆகாது, 13.8க்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது சுமார் 15.8 வரை பெரும்பாலான ரிக்குகள் தாங்கும். அடிவாங்குவது பேட்டரி. அதுவும் நாள் முழுக்க ரிக்கை ஆன் செய்து வைக்கும் பழக்கம் இருந்தால் சீக்கிரமே.

ரிக்கை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், காலையில் பச்சை வந்திருந்தால் விஷயம் இதுதான். நிரந்தரத் தீர்வாக, ரிக் தினமும் பவர் சப்ளையில் ஓடட்டும், பேட்டரி தன் சார்ஜரோடு தனியாக இருக்கட்டும், கரண்ட் போனால் டயோடு வழியாகவோ மாற்று ரிலே வழியாகவோ பேட்டரி உள்ளே வரட்டும். ரிலே என்றால் மாறும் அந்த நொடியில் ரிக் ஒருமுறை அணைந்து எரியும், அது பிடிக்காதவர்கள் டயோடு பக்கம் வாருங்கள். சில சார்ஜர்களில் பவர் சப்ளை மோடு என்று இருக்கிறது, அதில் கட்டங்கள் எதுவும் மாறாமல் ஒரே வோல்டேஜ் நிற்கும், அதுவும் இதற்கு ஒத்துவரும்.

கேள்வி: லித்தியத்துக்கு மாறலாம் என்றிருக்கிறேன். பழைய ஏஜிஎம் சார்ஜரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாலு செல், 12.8 வோல்ட் என்று எழுதியிருக்கும் வகையைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ரிக்குக்கு மிகவும் பிடித்த பேட்டரி அது. லெட் ஆசிட் பாதி காலியானதும் கீ டவுனில் (டிரான்ஸ்மிட் அழுத்தியதும்) 12க்குக் கீழே தொங்கும், ரிக் 11.7 பக்கம் போனதும் முரண்டு பிடிக்கும். லித்தியம் கிட்டத்தட்ட கடைசிவரை 13ஐ ஒட்டியே நிற்கும்.

சார்ஜர் 14.2 முதல் 14.6க்குள் நிறுத்தினால் ஏற்றுவதற்குப் பழசே போதும். ஆனால் ஈக்வலைஸ், டீசல்ஃபேட் மாதிரி 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் எதுவும் அதில் இருக்கக் கூடாது, ஒரு செல் 3.65ஐத் தாண்டினால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) கதவைச் சாத்திவிடும். பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. நிறைந்ததும் விலகி, 12.7க்கு இறங்கினால் மறுபடி தொடங்கும் சார்ஜர் என்று மேலே சொன்னேன் அல்லவா? லெட் ஆசிட்டுக்கு 12.7 என்றால் ஏறக்குறைய முழுசு. லித்தியத்துக்கு 12.7 என்றால் அடித்தட்டு. ஆக, அந்தச் சார்ஜர் உங்கள் லித்தியம் முக்கால்வாசிக்கு மேல் காலியாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும், பச்சை விளக்கோடு.

பிஎம்எஸ் அணைந்துபோன பேட்டரியைச் சில சார்ஜர்கள் அடையாளம் கண்டுகொள்ளாது, டெர்மினலில் பூஜ்யம் தெரிவதால் பேட்டரியே இல்லை என்று நினைத்து ஓடாமல் இருக்கும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சின்ன பேட்டரி வாங்கினால் அதன் பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள், 20 ஆம்பியர் பிஎம்எஸ்ஸில் 100 வாட் ரிக்கை மாட்டி உரக்கப் பேசினால் அணைந்துவிடும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் லித்தியத்துக்கென்றே ஒரு சார்ஜர் வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி.

கேள்வி: பரணில் பழைய கார் பேட்டரி சார்ஜர் ஒன்று கிடக்கிறது, கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தது. உதவுமா? கார் பேட்டரியையே பேக்கப்பாக வைக்கலாமா?

பதில்: அந்தச் சார்ஜரில் ட்ரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டும்தான் இருக்கும், ரேடியோவுக்கு அமைதியானது, பேட்டரிக்கு அல்ல. நிறுத்தத் தெரியாது, 15, 16 என்று ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியை, பக்கத்தில் நீங்கள் இருந்து பார்த்துக்கொண்டு ஏற்றலாம். ஏஜிஎம், லித்தியம் இரண்டுக்கும் வேண்டாம். அது ஓடும்போது ரிக்கை மாட்டவே கூடாது.

கார் பேட்டரி இன்ஜினைக் கிளப்புவதற்காக மெல்லிய தட்டுகளோடு செய்தது. அடிக்கடி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் போய்விடும். கையில் இருப்பதால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வாங்குவதானால் டீப் சைக்கிள், அதாவது ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கென்றே செய்த வகை.

கேள்வி: ஷாக் என்பது என் படுக்கையறையின் ஒரு மூலைதான். பேட்டரியையும் சார்ஜரையும் அங்கேயே வைக்கலாமா?

பதில்: தண்ணீர் ஊற்றும் வகை என்றால் வேண்டாம், பால்கனியோ காற்றோட்டமான வேறு இடமோ பாருங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஏஜிஎம் வைக்கலாம், ஆனால் காற்றுப்புகாத பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள், சூடு வரும் சார்ஜரின் தலைமேலும் வைக்காதீர்கள்.

தூரத்தில் வைத்தால் ஒயர் தடிமனைக் கவனியுங்கள். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், போக வர நாலு மீட்டர், 20 ஆம்பியரில் ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.14தான். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் டெர்மினலை ஒட்டியே இருக்க வேண்டும், ரிக்கின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் இந்த ஒயரைக் காப்பாற்றாது. ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், மோதிரத்தையும் உலோகப் பட்டை வாட்சையும் கழற்றி வையுங்கள். மாட்டும்போது சார்ஜரின் ஒயரை முதலில் பேட்டரியில் இறுக்கிவிட்டு, பிறகு சுவரில் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது சுவிட்சை அணைத்தபிறகு ஒயர்.